அரை மணி நேரத் தாமதம்

அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருந்த முப்பது சொச்சம் வருடங்களில் நான் அடிக்கடி கேட்ட கேள்வி, "கோப்பு யார் மேசையில் தாமதமாச்சு?" என்பதுதான். பழி அநேகமாகக் கடைசி மேசையில் வந்து முடியும். இரண்டாம் உலகப்போரிலும் அப்படி ஒரு கடைசி மேசை உண்டு. அது ஒரு ஜப்பானியக் கடல் விமானம்.

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த எங்களுக்கு 'இத்ராவியோன்' சிறு வயதிலேயே பழகிய சொல். சக்கரத்துக்குப் பதிலாக மிதவைகள் பூட்டிய விமானம். நீரிலிருந்து எழும்பி நீரிலேயே இறங்கும். 1910 மார்ச் 28 அன்று மார்செய் அருகே ஆன்ரி ஃபாபர் என்ற பிரெஞ்சுக்காரர் முதலில் அப்படிப் பறந்து காட்டினார்.

அதைப் போர்க்கப்பலின் கண்ணாக ஆக்கியவர்களில் ஜப்பானியர்கள் முக்கியமானவர்கள். ஐச்சி நிறுவனம் வடிவமைத்த ஈ13ஏ விமானத்தை அவர்களுடைய கடற்படை 1940-ல் ஏற்றுக்கொண்டது. அது ஜப்பானிய ஆண்டுக்கணக்கில் 2600. கடைசி எண் பூஜ்யம் என்பதால் 'பூஜ்ய வகை' என்று பெயர். புகழ்பெற்ற ஜீரோ போர் விமானத்துக்குப் பெயர் வந்ததும் இப்படித்தான். எதிரணியினர் வைத்த பெயர் 'ஜேக்'.

மூன்று பேர் அமரும் விமானம். சுமார் 2,000 கிலோமீட்டர் பறக்கும். கப்பலின் கவண் பொறி அதை வானில் எறியும். திரும்பி வந்து கடலில் இறங்கியதும் பாரந்தூக்கி மேலே ஏற்றும். தற்காப்புக்குப் பின்னால் ஒரே ஒரு சிறு இயந்திரத் துப்பாக்கி. விமானிக்குக் கவசம் கிடையாது. இப்படி 1,400-க்கும் மேற்பட்டவை கட்டப்பட்டன.

இனி அந்தக் காலைப்பொழுதுக்கு வருவோம். 1942 ஜூன் 4, மிட்வே தீவுக்கருகே அட்மிரல் நகுமோவின் நான்கு விமானந்தாங்கிக் கப்பல்கள். எதிரியைத் தேட அவர் அனுப்பியது ஏழே விமானங்கள். டோனே என்ற கப்பலின் நான்காம் எண் விமானம் 4.30-க்குப் புறப்பட வேண்டும். புறப்பட்டது 5 மணிக்கு. கவண் பொறியில் கோளாறு என்று சொல்கிறார்கள்.

7.15-க்கு, கையிருப்பு விமானங்களில் தரைத் தாக்குதலுக்கான குண்டுகளை மாட்டச் சொன்னார் நகுமோ. 7.28-க்கு அந்த விமானத்திலிருந்து தகவல்: பத்துக் கப்பல்கள் போலத் தெரிகின்றன. என்ன கப்பல்கள் என்று கேட்டார்கள். விமானந்தாங்கி ஒன்று இருப்பதுபோல் தெரிகிறது என்ற பதில் 8.20-க்குத்தான் வந்தது. 10.30-க்குள் மூன்று விமானந்தாங்கிகள் தீப்பற்றி எரிந்தன. நான்காவதும் அன்று மாலை தாக்கப்பட்டுப் பிறகு மூழ்கியது.

அந்த அரை மணி நேரம்தான் ஜப்பானைத் தோற்கடித்தது என்று நெடுங்காலம் எழுதினார்கள். நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன். பின்னால் வந்த ஆய்வாளர்கள் சிலர் வேறு விதமாகச் சொல்கிறார்கள். தாமதமாகக் கிளம்பியதால் அந்த விமானம் போகும் தூரத்தைக் குறைத்துக்கொண்டது. அதனாலேயே அமெரிக்கக் கப்பல்கள் அதன் கண்ணில் பட்டன. நேரத்துக்குக் கிளம்பிக் குறித்த பாதையில் போயிருந்தால் இன்னும் தாமதமாகக்கூடக் கண்டிருக்கலாம். சிக்குமா கப்பலின் விமானமோ அமெரிக்கக் கப்பல்களுக்கு அருகிலேயே போயும், கீழே மேகம் இருந்ததால் காணாமல் கடந்துவிட்டது.

பரந்த கடலுக்கு ஏழு விமானங்கள் போதும் என்று முடிவெடுத்தது அந்த மூவர் அல்ல. தேடல் முடியும் முன்பே குண்டுகளை மாற்றச் சொன்னதும் அவர்கள் அல்ல. ஆனாலும் வரலாற்றில் அவர்களுடைய அரை மணி நேரம்தான் முதலில் நினைவுக்கு வருகிறது.

போர் முடிந்தபின் இந்த விமானங்களில் சிலவற்றை இந்தோசீனாவில் பிரெஞ்சுக் கடற்படை எடுத்துப் பயன்படுத்தியது. எங்கள் ஊர்க்காரர்கள் பலர் பிரெஞ்சு அரசுப் பணியில் சைகோனில் இருந்த காலம் அது. அவர்களில் யாராவது ஆற்றில் அந்த விமானம் இறங்குவதைப் பார்த்திருக்கலாம். கேட்டுத் தெரிந்துகொள்ள எனக்குத்தான் அப்போது தோன்றவில்லை.

உங்கள் வீட்டுப் பெரியவர்களில் சைகோனில் இருந்தவர் யாரேனும் இருந்தால், தாமதிக்காமல் கேட்டு வையுங்கள்.