மண்ணெண்ணெயில் ஓடிய கார்களும் மாற்றப்பட்ட கியர்ப்பெட்டிகளும்

தானியங்கிக் கியர் பொருத்தப்பட்ட ஒரு வேகக் காரை, கையால் கியர் மாற்றும் காராக ஆக்குவதா, வந்தபடியே விட்டுவிடுவதா என்பது இன்று உலகெங்கும் கார்ப் பிரியர்கள் தமக்குள் விவாதிக்கும் ஒரு கேள்வியாகும். பெரும்பாலான நாடுகளில் அது ஓட்டும் இன்பத்தைப் பற்றியது. யாழ்ப்பாணக் குடாநாட்டிலோ, ஒரு வாகனத்தின் இயந்திரத்தையோ கியர்ப்பெட்டியையோ கழற்றிவிட்டு வேறொன்றைப் பொருத்துவது, இறக்குமதித் தடையும் போரும் பொருளாதாரத் தடையும் மாறிமாறி வந்த காலமெல்லாம், வாடகைக் கார்ச் சாரதிகளும் கராஜ் நடத்தியோரும் வயிற்றுப்பாட்டின் பொருட்டு எடுக்க நேர்ந்த முடிவாக இருந்தது. அம்முடிவுகள் எந்தத் தருக்கத்தின்மேல் எடுக்கப்பட்டன என்பதை ஆராயும்போது, இன்றைய கேள்விக்கும் தெளிவான ஓர் அளவுகோல் கிடைக்கிறது.

கையால் கியர் மாற்றும் காரில், இயந்திரத்துக்கும் கியர்ப்பெட்டிக்கும் இடையில் கிளச் எனப்படும் உராய்வுத் தட்டு இருக்கிறது. சாரதி மிதியை அழுத்தும்போது தட்டு விலகி இரண்டையும் பிரிக்கிறது, காலை எடுக்கும்போது மீண்டும் இறுக்கமாக இணைக்கிறது. வழமையான தானியங்கிக் கியரில் அந்தத் தட்டின் இடத்தில், எண்ணெய் நிரம்பிய ஒரு மூடிய கலத்துள் எதிரெதிரே அமைந்து சுழலும் இரு விசிறிகள் உள்ளன. இயந்திரம் சுழற்றும் விசிறி எண்ணெயைத் தள்ள, அந்த எண்ணெய் மற்ற விசிறியைச் சுழற்றுகிறது. கியர் மாறும் வேலையை எண்ணெய் அழுத்தமே பார்த்துக்கொள்கிறது. இரும்போடு இரும்பு பிணைவதற்குப் பதிலாக எண்ணெய் விசையைக் கடத்துகிறது என்னும் இந்த ஒரு வேறுபாடு, பின்னர் கூறப்படும் பலவற்றுக்கும் அடிப்படையாகும்.

இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய ஆண்டுகளில் குடாநாட்டுக்கு வந்து சேர்ந்தவை பெரும்பாலும் பிரித்தானியக் கார்களே. 1947இல் அறிமுகமான ஒஸ்ரின் ஏ-40 வரிசையும், 1952 முதல் 1954 வரை உற்பத்தியான அதன் சொமர்செற் வகையும், 1948இல் வெளிவந்த மொறிஸ் மைனரும், மொறிஸ் ஒக்ஸ்போர்ட்டும், பின்னர் ஒஸ்ரின் கேம்பிறிட்ஜும் யாழ்ப்பாணத்து வீதிகளில் பல தலைமுறைகளுக்கு நிலைத்தன. ஒஸ்ரின், மொறிஸ் ஆகிய இரு நிறுவனங்களும் 1952இல் ஒன்றிணைந்து பிரித்தானிய மோட்டார் கூட்டுத்தாபனம் ஆனமையால், பிற்கால வகைகளில் ஒரு காரின் இயந்திர உறுப்பு மற்றதற்கும் பொருந்தியது. உதிரிப்பாகத்துக்காக ஒரு காரைக் கழித்து மற்றொன்றை வாழவைக்கும் வழக்கத்துக்கு இது பெரிதும் கைகொடுத்தது. 1961இல் வந்த ஏ-60 கேம்பிறிட்ஜில், வேண்டுவோருக்குப் போர்க்-வோனர் நிறுவனத்தின் தானியங்கிக் கியரும் கிடைத்தது. ஆயினும் குடாநாட்டில் வாடகைக் காராகவும் கலியாணக் காராகவும் நிலைத்தது கையால் கியர் மாற்றும் வகையே.

1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் கார் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டதும், 1970 முதல் 1977 வரை அந்தக் கட்டுப்பாடு மேலும் இறுகியதும், இருக்கும் காரை எறியாமல் பேணுவதைக் கட்டாயமாக்கின. அதே கட்டுப்பாடு வெளிநாட்டு மிளகாயையும் வெங்காயத்தையும் தடுத்தமையால், குடாநாட்டுத் தோட்டக்காரரின் கையில் அதுவரை காணாத பணம் புழங்கியது என்பதையும் இங்கே நினைவில் கொள்ள வேண்டும். வாங்கும் வசதி இருந்தும் வாங்கப் புதிய கார் இல்லாத அந்த நிலையில், பழைய கார்களுக்குச் செலவழிக்க ஆட்கள் இருந்தார்கள். கராஜ்களும் கடைசல் பட்டறைகளும் அச்செலவால் வளர்ந்தன. பழைய லொறியின் அடிச்சட்டத்தின்மேல் மரக்கூடு அடித்து, பின்பக்கத்தில் இறக்கி ஏற்றக்கூடிய தட்டியைப் பொருத்தி, கொடிகாமம், பருத்தித்துறை போன்ற ஊர்களின் சந்தைகளுக்கு ஆட்களையும் மூட்டைகளையும் ஏற்றிச் சென்ற தட்டிவானும், ஒரு வாகனத்தை ஊரின் தேவைக்கேற்ப மறுபடி ஆக்கும் அதே கைத்திறனின் விளைவாகும்.

1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டபின் ஜப்பானிய வாகனங்களும் அவற்றிலிருந்து கழற்றப்பட்ட பாவித்த இயந்திரங்களும் நாட்டுக்குள் வந்தன. பெற்றோலைவிட டீசல் மலிவாக இருந்தமையால், கேம்பிறிட்ஜ், ஒக்ஸ்போர்ட் முதலிய கார்களின் பெற்றோல் இயந்திரத்தை இறக்கிவிட்டு ஜப்பானிய டீசல் இயந்திரத்தை ஏற்றும் வழக்கம் இலங்கை முழுவதும் பரவியது. கியர்ப்பெட்டியை மாற்றுவதா என்ற கேள்வி இங்கேதான் முதன்முதலில் கூர்மையாக எழுந்தது. புதிய இயந்திரத்தின் பின்முகத்தில் உள்ள துளைகள் பழைய கியர்ப்பெட்டியின் துளைகளோடு ஒத்துப்போவதில்லை. ஆதலால் இடையே ஓர் இணைப்புத் தட்டைக் கடைந்து பழைய பெட்டியையே காப்பாற்றலாம், அல்லது இயந்திரத்தோடு பிறந்த ஜப்பானியப் பெட்டியையும் சேர்த்தே ஏற்றலாம். இரண்டாவது வழி உறுதியானது என்றாலும், அதனால் காரின் உள்ளமைப்பே மாறியது. சொமர்செற் போன்ற கார்களில் கியர்த்தடி சுக்கானின் கீழ்த்தண்டில் அமைந்து, நீண்ட கம்பிகள் வழியாகப் பெட்டியை இயக்கியது. ஜப்பானியப் பெட்டியின் தடியோ நேரே மேல்நோக்கி எழுவது. அதற்காகக் காரின் தரைத்தகட்டை வெட்டித் துளையிட்டு, பின்னச்சுக்குப் போகும் சுழல்தண்டை வெட்டியோ நீட்டியோ ஒட்டி, நடுநிலை பிசகாமல் சரிபார்த்து, இயந்திரத்தைத் தாங்கும் கால்களைத் தடித்த இரும்புத் தகட்டில் புதிதாகச் செய்ய வேண்டியிருந்தது. தேய்ந்து தளர்ந்த பழைய கம்பிகளின் தொல்லை ஒழிந்தது; ஆனால் நீள இருக்கையின் நடுவே தடி எழுந்து நின்றதால், முன்பு மூவர் அமர்ந்த இடத்தில் இருவரே வசதியாக அமர முடிந்தது. வாடகைக் காருக்கு ஓர் ஆளின் இடம் என்பது சிறிய இழப்பன்று. பாரமான டீசல் இயந்திரத்தின் எடை முன்பக்க வில்லுகளை அழுத்தியதும் மற்றொரு விலையாகும்.

1990 யூனில் போர் மீண்டும் மூண்டதைத் தொடர்ந்து வடக்குக்கு விதிக்கப்பட்ட பொருளாதாரத் தடை இந்தக் கணக்கு அனைத்தையும் புரட்டிப்போட்டது. பெற்றோல், டீசல், பற்றரி, உதிரிப்பாகங்கள் முதலியன தடுக்கப்பட்டன. தேசிய மின்வழங்கலும் நின்றது. சிறிதளவு அனுமதிக்கப்பட்ட மண்ணெண்ணெயே விளக்குக்கும் வாகனத்துக்கும் பொதுவான எரிபொருள் ஆயிற்று. பெற்றோல் கார்களை மண்ணெண்ணெயில் ஓட்டிய அந்த அறிவு போர்க்காலத்தில் திடீரென்று முளைத்ததன்று. துலா மிதித்து நீர் இறைத்த தோட்டங்களில் 1950கள் முதல் பரவிய நீரிறைக்கும் இயந்திரங்களும், மீனவரின் வெளியிணைப்பு இயந்திரங்களும் பெற்றோலில் தொடங்கி மண்ணெண்ணெய்க்கு மாறும் முறையைக் குடாநாட்டுக்கு முன்னரே பழக்கியிருந்தன. பிரித்தானியாவிலும் ஒருகாலத்தில் உழவு இயந்திரங்கள், பெற்றோலுக்கு ஒரு சிறு தாங்கியும் மண்ணெண்ணெய் வகை எரிபொருளுக்கு ஒரு பெருந்தாங்கியுமாக, இதே முறையிலேயே தொழிற்சாலையிலிருந்து வெளிவந்தன.

மண்ணெண்ணெய் குளிர்ந்த நிலையில் எளிதில் ஆவியாவதில்லை. ஆதலால் நேரடியாக அதனால் இயந்திரத்தைத் தொடக்க முடியாது. சாரதி இயந்திர மூடியைத் திறந்து, காற்றையும் எரிபொருளையும் கலக்கும் காபரேற்றரின் வாயில் சிறு போத்தலிலிருந்து சில துளி பெற்றோலை விட்டு, இயந்திரத்தை எழுப்பி, அது சூடேறும்வரை துளிதுளியாக ஊட்டி, பின்னரே மண்ணெண்ணெய்க் குழாயைத் திறந்தார். அவசரப்பட்டுத் திறந்தால் இயந்திரம் மூச்சடைத்து நின்றுவிடும். பெற்றோலின் ஒவ்வொரு துளியும் பொன் விலைக்கு விற்ற காலத்தில், பிந்தித் திறந்தாலும் நட்டமே. ஓடும் வாகனத்தின் பின்னால் வெண்புகையும் கண் எரிக்கும் மணமும் தொடர்ந்தன. எரியாத மண்ணெண்ணெய் உருளைகளின் சுவர் வழியே வழிந்து அடியிலுள்ள இயந்திர எண்ணெயை நீர்த்துப்போகச் செய்தது; எரியறைகளில் கரி படிந்தது; சுழல்தண்டுகளைத் தாங்கும் பேரிங்குகள் விரைவில் தேய்ந்தன. இருந்தும் பழைய ஒஸ்ரினும் மொறிஸும் இந்தக் கொடுமையைத் தாங்கியதற்குக் காரணம் உண்டு. ஏ-40 இயந்திரத்தின் அமுக்க விகிதம், அதாவது உருளையுள் கலவை எத்தனை மடங்கு சுருக்கப்படுகிறது என்ற அளவு, ஏறத்தாழ 7 மட்டுமே. அமுக்கம் கூடிய பிற்காலப் பெற்றோல் இயந்திரங்களில் மண்ணெண்ணெய் நேரத்துக்கு முன்னதாகவே வெடித்து, உலோகத்தைத் தட்டி உடைக்கும். பின்தங்கியது என்று மற்ற ஊர்கள் கைவிட்ட பொறியியலே இங்கே காப்பாற்றியது.

பற்றரி கிடைக்காத காலத்தில் கியர்ப்பெட்டியின் வகையும் வாழ்வா சாவா என்ற கேள்வியானது. கையால் கியர் மாற்றும் காரை, முன்பக்கத் துளையில் வளைந்த இரும்புக் கைப்பிடியைச் செருகிச் சுழற்றியும் தொடக்கலாம். நாலு பேர் பின்னால் நின்று தள்ள, சாரதி இரண்டாம் கியரைப் போட்டுக் கிளச்சைச் சட்டென்று விடுவித்தும் தொடக்கலாம், ஏனெனில் சில்லின் சுழற்சி இரும்பு வழியே இயந்திரத்தைச் சென்றடையும். பெரும்பாலான தானியங்கிக் கியர்களில் இப்படித் தள்ளித் தொடக்குவது நடவாது. இயந்திரம் ஓடினால்தான் எண்ணெய் அழுத்தம் உண்டாகும், அழுத்தம் இருந்தால்தான் சில்லும் இயந்திரமும் பிணையும். அதற்கென்ற தனி எண்ணெயும் தடைக்காலத்தில் எட்டாப்பொருள். 1995 ஒக்ரோபர் இறுதியில் குடாநாட்டின் வலிகாமப் பகுதி மக்கள் போரால் ஒரே இரவில் தென்மராட்சிப் பகுதி நோக்கி இடம்பெயர்ந்தபோது, எத்தகைய வாகனம் நின்றுபோனாலும் அதைத் தொடர்ந்து நகர்த்தக் கைவலுவே எஞ்சியிருந்தது என்பதை எண்ணிப் பார்த்தால், கராஜ்காரரின் தெரிவு வெறும் பழமைப்பற்று அன்று என்பது புலப்படும். தம் ஊரிலேயே பிரித்துப் பார்க்கக்கூடியதையும், தம் ஊரிலேயே கடையக்கூடியதையும் அவர்கள் தெரிந்தெடுத்தார்கள். இந்த அறிவு பெரும்பாலும் முறையாக எழுதப்படாமல், அதைக் கையில் வைத்திருந்தவர்கள் முதுமையடைந்து வருவது குடாநாட்டின் தொழில் வரலாற்றுக்கு நேர்ந்துகொண்டிருக்கும் உண்மையான இழப்பு.

2002இல் தடைகள் தளர்ந்து, குடாநாட்டைத் தெற்கோடு இணைக்கும் ஏ-9 வீதி திறக்கப்பட்டதும், 2006இல் மூடப்பட்ட அவ்வீதி போர் முடிந்தபின் மீண்டும் திறக்கப்பட்டதும், ஜப்பானிலிருந்து வந்த பாவித்த தானியங்கிக் கார்கள் யாழ்ப்பாணத்தை நிறைத்தன. அவற்றை ஓட்டிப் பழகிய தலைமுறையினருக்கு, கையால் கியர் மாற்றுவது தேவையாக அல்லாமல் விருப்பமாகவே தோன்றுகிறது. வேகக் கார்களை ஆக்கும் நிறுவனங்களும் இதில் தடுமாறியே வந்திருக்கின்றன. 2013இல் தானியங்கியோடு மட்டும் வெளிவந்த போர்ஷே ஜிடி3 காருக்கு, வாங்குவோரின் வற்புறுத்தலால் 2017இல் கைக்கியரும் மீண்டும் தரப்பட்டது. தானியங்கியாகவே வந்த வேகக் காரை மாற்ற முனையும் உரிமையாளர் ஒருவர், கிளச், அதன் மிதி, இயந்திரத்தின் பின்னால் சுழலும் பாரச்சில்லு, கியர்ப்பெட்டி, அதைத் தாங்கும் குறுக்குச்சட்டம், சுழல்தண்டு ஆகிய அனைத்தையும் தேட வேண்டும். இத்தனையும் பழைய கேம்பிறிட்ஜில் செய்யப்பட்ட வேலையின் மறுபதிப்பே. அன்று இல்லாத தடை ஒன்று இன்று சேர்ந்திருக்கிறது: இயந்திரத்தை ஆளும் கணினி, தன்னோடு உரையாட வேண்டிய தானியங்கிப் பெட்டியைக் காணாமல் பிழையறிவித்து, இயந்திரத்தின் வலுவையே குறைத்துவிடக்கூடும். அதே வகைக் கார் வேறொரு நாட்டில் கைக்கியரோடும் விற்கப்பட்டிருந்தால், அதன் உறுப்புகளும் கணினியும் முழுத்தொகுதியாகக் கிடைக்கும். அப்போது மாற்றுவது தகும். அப்படி ஒரு வகையே ஆக்கப்படாத காரில் கைவைப்பது, திருத்த ஆளில்லாத ஒரு தனிப்பிறவியை உண்டாக்குவதாகவே முடியும்.

பழைய கார்களின் பக்கம் இன்று நேர்மாறான கேள்வி நிற்கிறது. டீசல் இயந்திரமும் ஜப்பானியப் பெட்டியும் ஏறிய கேம்பிறிட்ஜைச் சேகரிப்போர், அதன் 1622 கன சென்ரிமீற்றர் பெற்றோல் இயந்திரத்தை மீட்டுப் பொருத்த விரும்புகிறார்கள். பதிவுச் சான்றிதழில் எழுதப்பட்ட இயந்திர இலக்கமும் காரில் உள்ள இலக்கமும் ஒத்திருந்தால் விலை கூடுகிறது. ஆனால் தரைத்தகட்டில் வெட்டிய துளையை அடைத்து, ஒட்டிய தண்டை அகற்றி, தடித்த தகட்டில் செய்த கால்களை வெட்டி எறிந்தால், அந்தக் கார் 1961ஆம் ஆண்டுக்குத் திரும்பலாம். 1980களிலும் 1990களிலும் குடாநாட்டில் அது உழைத்த உழைப்பின் தடயம் முழுவதும் போய்விடும். தடைக்காலத்தில் ஓடிய கார்களுள் சிலவேனும் அந்த மாற்றங்களோடு, அவற்றைச் செய்தவர்களின் பெயரும் செய்முறையும் எழுதிச் சேர்க்கப்பட்டு, மாற்றப்படாமல் காக்கப்பட வேண்டும். மற்றவற்றை உரிமையாளர் தம் விருப்பப்படி மீட்டெடுக்கலாம்.