மிஷெல் ழான் கசபோன் (1813–1888)

டிரினிடாட் தீவின் முதல் பெரும் ஓவியர். சான் பெர்னாண்டோவை அடுத்த கரும்புத் தோட்டம் ஒன்றில், மார்த்தினிக்கிலிருந்து குடியேறிய கலப்பினக் குடும்பத்தில் பிறந்தார். இங்கிலாந்தில் பள்ளிப்படிப்பு, பாரிசில் ஓவியப் பயிற்சி. அங்கே சலோன் கண்காட்சியிலும் இவரது படங்கள் இடம்பெற்றன.

1848 வாக்கில் ஊர் திரும்பியவரை ஆதரித்தவர் அன்றைய டிரினிடாட் ஆளுநர் ஹாரிஸ் பிரபு. பின்னாளில் சென்னை மாகாண ஆளுநராக வந்த அதே ஹாரிஸ்தான். அவர் வாங்கிச் சேர்த்த ஓவியங்கள் இன்றும் இங்கிலாந்தில், கென்ட் பகுதியின் பெல்மான்ட் மாளிகையில் உள்ளன.

நீர்வண்ணம்தான் கசபோனின் பலம். இருபுறமும் வளைந்து கவிந்த மூங்கில் குடை, இலையிடுக்கில் கசிந்து மண்பாதையில் விழும் வெயில், அதில் நடந்துபோகும் சிறு உருவங்கள் என வெப்பமண்டல ஈரத்தை அவர் மெல்லிய வண்ணப்பூச்சிலேயே கொண்டுவந்தார். 1845 முதல் ஒப்பந்தக் கூலிகளாக வந்திறங்கிய இந்தியர்களையும் வரைந்தார். ஒளிப்படம் அரிதாயிருந்த காலத்தில் அந்தப் படங்கள் விலைமதிப்பற்ற சான்றுகள். ஆனால் தோட்ட உழைப்பின் கொடுமை அவற்றில் அதிகம் தென்படாது. வாங்கியவர்கள் தோட்ட முதலாளிகளும் அதிகாரிகளும் அல்லவா!

1851, 1857 ஆண்டுகளில் டிரினிடாட் காட்சிகளைக் கல்லச்சுத் தொகுப்புகளாக வெளியிட்டார். பின்னர் சில ஆண்டுகள் மார்த்தினிக்கில் வாழ்ந்தார். போர்ட் ஆஃப் ஸ்பெயினில் காலமாகி, லாபெய்ரூஸ் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.