புரவலர் பெயரும் ஊரார் கழகமும்

தாராசுரம் என்னும் ஊர்ப்பெயருக்குள் ஓர் அரசனின் பெயர் மறைந்து கிடக்கிறது. இரண்டாம் இராசராச சோழன் (கி.பி. 1146-1173) எடுப்பித்த கோயில் இராசராசேச்சரம் என்றும், அதைச் சூழ்ந்த நகரம் இராசராசபுரம் என்றும் வழங்கின. மக்கள் நாவில் உருண்டு தேய்ந்த அப்பெயர் தாராசுரமாயிற்று. கோயிலோ இன்று ஐராவதேசுவரர் பெயரால் அறியப்படுகிறது. கொடுத்தவன் பெயர் தேய்ந்தது; கொடுக்கப்பட்டது நிலைத்து, 2004இல் உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலிலும் இடம்பெற்றது. பொருள் கொடுப்பவர் யார், அதைக் காப்பவர் யார், முடிவில் அது யாருடையது என்னும் வினாக்கள் இவ்வூரில் வாழ்வோர்க்குப் புதியன அல்ல. அவ்வினாக்களை நம் காலத்துக் கால்பந்துக் கழகங்கள் சிலவற்றின்முன் வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இதற்கு உடனடிக் காரணம் ஒரு தொலைக்காட்சி ஆவணத் தொடர். வட அமெரிக்க நடிகர்களான ரயன் ரெனால்ட்ஸ், ராப் மெக்கெல்ஹென்னி ஆகிய இருவரும் 2021 பிப்ரவரியில் வேல்ஸ் நாட்டின் ரெக்சம் கால்பந்துக் கழகத்தை வாங்கினர். இங்கிலாந்துக் கால்பந்தின் ஐந்தாம் அடுக்கில் அது கிடந்த காலம் அது. அக்கழகத்தின் கதையை 'வெல்கம் டு ரெக்சம்' என்னும் தொடர் 2022 ஆகஸ்டு முதல் உலகெங்கும் கொண்டு சென்றது. 2023, 2024, 2025 என மூன்று ஆண்டுகள் அடுத்தடுத்து மேலடுக்குக்கு உயர்ந்து, இரண்டாம் அடுக்கை எட்டியது ரெக்சம். இங்கிலாந்தின் முதல் ஐந்து அடுக்குகளில் வேறெந்தக் கழகமும் அதற்குமுன் செய்யாத செயல் இது. நடிகர்கள் வந்தார்கள், ஊர் பிழைத்தது என்று இதைச் சுருக்கிச் சொல்வோர் பலர். வரலாறு அவ்வளவு சுருக்கமானதன்று.

ரெக்சம் கழகம் 1864இல் தோன்றியது. உலகின் மிகப் பழைய தொழில்முறைக் கழகங்களில் மூன்றாவதாக அதனைக் குறிப்பர். அதன் ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் 1877இலேயே வேல்ஸ் அணி ஸ்காட்லாந்தோடு மோதியது. ஊரோ நிலக்கரிச் சுரங்கங்களை நம்பி வாழ்ந்த ஊர். 1934 செப்டம்பர் 22ஆம் நாள், சனிக்கிழமை அதிகாலையில், அருகிலுள்ள கிரெஸ்ஃபோர்டு சுரங்கம் வெடித்தது. 266 பேர் மாண்டனர். அன்று பிற்பகல் நடக்கவிருந்த ஆட்டத்தைக் காண்பதற்காகத் தம் வேலைமுறையை இரவுக்கு மாற்றிக்கொண்டவர் பலர் அவர்களுள் இருந்தனர். ஒரு கழகம் ஓர் ஊரின் நினைவோடு எவ்வாறு பிணைந்துள்ளது என்பதற்கு இதைவிடத் துயரமான சான்று வேண்டியதில்லை.

இக்கழகத்திற்கு நல்ல நாள்களும் உண்டு. 1992 சனவரியில், முந்தைய பருவத்தில் நான்காம் அடுக்கின் கடைசி இடத்தில் முடித்திருந்த ரெக்சம், நாட்டின் வாகையரான ஆர்சனலை எஃப்.ஏ. கோப்பையில் 2-1 என வீழ்த்தியது. தீய நாள்கள் அதன்பின் வந்தன. 2004இல் அப்போதைய உரிமையாளரின் கண் மைதான நிலத்தின்மீது இருந்தது. கடன் முற்றிக் கழகம் திவால் நிர்வாகத்திற்குட்பட்டது. பத்துப் புள்ளிகளையும் இழந்தது. 1921 முதல் 87 ஆண்டுகள் இடம்பெற்றிருந்த லீகிலிருந்து 2008இல் வெளியேறியது. 2011இல், ஆடுவதற்கு அனுமதி வேண்டுமாயின் பிணைத்தொகை கட்ட வேண்டும் என்னும் நிலை ஏற்பட்டபோது, ரசிகர்கள் ஒரே நாளில் ஒரு லட்சம் பவுண்டுக்கு மேல் திரட்டினர். அவ்வாண்டின் இறுதியில் ரசிகர் அறக்கட்டளையே கழகத்தின் உரிமையை ஏற்றது.

காவிரிப் படுகையில் வாழும் நமக்கு இவ்விடத்தில் குடிமராமத்து நினைவுக்கு வருவது இயல்பு. அணையும் ஆறும் அரசர் பெயரால் வழங்கலாம். ஆனால் ஊர் வாய்க்காலில் நீர் வருமுன் கோரையும் வண்டலும் அகற்றியவர்கள் அவ்வூர்க் குடிகள். வீட்டுக்கு ஓர் ஆள் என்று மண்வெட்டியோடு இறங்கிய அவ்வுழைப்பு இல்லையேல் கரிகாலன் பெயர் சொல்லும் கல்லணையும் கடைமடைக்குப் பயன்படாது. மரபாக நடந்த அக்கூட்டுழைப்பு தளர்ந்தபோது ஆங்கில அரசு 1858இல் சட்டமே இயற்ற வேண்டியிருந்தது என்பதையும் நினைவுகூரலாம். ரெக்சம் ரசிகர்கள் 2011 முதல் 2021 வரை செய்ததும் ஒருவகைக் குடிமராமத்தே. உறுப்பினர் கட்டணமும் நன்கொடையும் கொண்டு கழகத்தை நடத்தினர். 2013இல் வெம்பிளியில் எஃப்.ஏ. டிராஃபியை வென்றனர். ஐந்தாம் அடுக்கிலிருந்து மேலேற மட்டும் அவர்களால் இயலவில்லை. ஆயினும் கழகம் உயிரோடு இருந்தது.

ஆகவே 2020 நவம்பரில் நடந்ததைக் கூர்ந்து நோக்க வேண்டும். நடிகர்கள் இருவரும் தம் திட்டத்தை அறக்கட்டளை உறுப்பினர்முன் வைத்தனர். இருபது லட்சம் பவுண்டு முதலீடு, பெயரும் நிறமும் ஊரும் மாறா என்னும் உறுதி ஆகியன அத்திட்டத்தின் கூறுகள். உறுப்பினர் வாக்களித்தனர், 98.6 விழுக்காட்டினர் ஆதரித்தனர். வந்தவர்கள் விண்ணப்பதாரர்கள், முடிவெடுத்தவர்கள் ஊரார். பிற்காலத்து வெற்றிகளின் ஒளியில் இச்சிறு உண்மை கண்ணுக்குத் தப்பிவிடுகிறது.

தொடரும் தன் நல்ல பகுதிகளில் இவ்வுண்மைக்கு விசுவாசமாகவே நடந்துகொள்கிறது. நடிகர்களின் நகைச்சுவை அதில் உண்டு. ஆனால் மைதானத்தை ஒட்டிய மதுவிடுதிக்காரர், தலைமுறைகளாகக் காணவரும் குடும்பங்கள், மகளிர் அணியின் ஆட்டக்காரர்கள் ஆகியோரே அதன் உயிர். இங்கும் தாராசுரக் கோயில் ஓர் ஒப்புமை தருகிறது. கருவறைப் புறச்சுவரின் அடிப்பகுதியில் நாயன்மார் வரலாறுகள் சிறு சிறு சிற்பங்களாக, பெயர்ப் பொறிப்புகளோடு, வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளன. எடுப்பித்தவன் தந்தை இரண்டாம் குலோத்துங்கன் காலத்தில் சேக்கிழார் பாடிய காப்பியம் மகன் காலத்தில் கல்லாயிற்று. அவ்வரிசையில் அரசர்கள் உண்டு. குயவரும் வேடரும் மீனவரும் வண்ணாரும் உண்டு. பொருள் அரசனுடையது, கதை அடியாருடையது. காலங்கடந்து நிற்கும் புரவுக்கு இலக்கணம் வகுக்க வேண்டுமாயின் இதனையே முதல் விதியாகக் கொள்ளலாம்.

புகழாளர் கழகம் வாங்குவது புதிதுமன்று. பாடகர் எல்டன் ஜான் 1976இல் நான்காம் அடுக்கிலிருந்த வாட்ஃபோர்டு கழகத்தின் தலைவரானார். அவர் சிறுவயது முதல் அக்கழகத்தின் ரசிகர். மறுஆண்டு கிரஹாம் டெய்லர் என்னும் பயிற்சியாளரை அமர்த்தி, அவர் கையில் பொறுப்பை விட்டார். 1982இல் முதல் அடுக்கு, 1983இல் அதில் இரண்டாமிடம், 1984இல் எஃப்.ஏ. கோப்பை இறுதியாட்டம் எனக் கழகம் உயர்ந்தது. நேர்மாறான சான்றும் உண்டு; அது நம் நாட்டோடு தொடர்புடையது. புனேயைச் சேர்ந்த வெங்கீஸ் கோழிப்பண்ணைக் குழுமம் 2010இல் பிளாக்பர்ன் கழகத்தை வாங்கியது. 2012இல் அது முதல் அடுக்கிலிருந்து இறங்கியது. அந்த இறக்கம் உறுதியான ஆட்டத்தில் கழகக் கொடி போர்த்திய கோழியொன்றை ரசிகர்கள் மைதானத்தில் விட்டனர். வாக்குச்சீட்டு இல்லாதவர்க்குக் கோழிதான் மிஞ்சியது.

இனி நம் சென்னைக்கு வருவோம். 2014இல் இந்தியன் சூப்பர் லீக் தொடங்கியபோது எட்டு அணிகள் இருந்தன. பத்து வாரங்களில் பருவம் முடிந்தது. நடிகர்களும் கிரிக்கெட் வீரர்களும் உரிமையாளர் வரிசையில் நின்றனர். கொச்சியில் சச்சின் டெண்டுல்கர், கொல்கத்தாவில் சௌரவ் கங்குலி, குவாஹாட்டியில் ஜான் ஆபிரகாம் என அவ்வரிசை நீண்டது. சென்னையின் எஃப்.சி. அபிஷேக் பச்சன், வீடா தானி ஆகியோர்க்கு உரியதாயிற்று. மகேந்திர சிங் தோனி இணை உரிமையாளரானார். அவர்கள் கொடுத்ததைக் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. 2015 திசம்பரில், பெருவெள்ளத்தால் தன் ஊரில் ஆட வேண்டிய அரையிறுதியைப் புனேயில் ஆட நேர்ந்த அணி, கோவாவை 3-2 என வென்று வாகை சூடியது. 2018 மார்ச்சில் பெங்களூரில் அதே கணக்கில் மீண்டும் வென்றது. வியாசர்பாடித் தெருக்களில் ஆடிப் பழகிய தனபால் கணேஷ் இந்த நீலச் சட்டையை அணிந்தார். தமிழகச் சிறுவர்க்கு அது எளிய செய்தியன்று.

எனினும் ரெக்சமுக்கும் சென்னைக்கும் அடிப்படையில் ஒரு வேறுபாடு உண்டு. ரெக்சம் நடிகர்களுக்கு 157 ஆண்டு மூத்தது. சென்னையின் அணியோ உரிமையாளரோடு ஒரே நாளில் பிறந்தது. விண்மீன்கள் அணியை மீட்க வரவில்லை; அணியை விற்பதற்கான விளம்பரமாக வந்தனர். மேலும் அத்தொடருக்கு ஏணி இருக்கவில்லை. நெடுநாள் எவரும் ஆடி உள்ளே நுழைய முடியவில்லை. 2023இல் பஞ்சாப் அணி நுழைந்ததே ஆடிப் பெற்ற முதல் இடம். 2025 வரை கீழே விழுந்தாரும் இல்லை. விழ முடியாத இடத்தில் மீட்சிக் கதை பிறப்பதெங்ஙனம்?

ஏணியில் ஏறியும் நிலைக்காத கதை ஒன்றும் தமிழகத்தில் உண்டு. விண்மீன் எவருமற்ற சென்னை சிட்டி கழகம், கோவையைத் தன் ஆடுகளமாகக் கொண்டு, 2018-19 பருவத்தில் ஐ-லீக் பட்டத்தை வென்றது. சுவிட்சர்லாந்தின் பாசல் கழகம் அதில் 26 விழுக்காட்டுப் பங்கு பெற்றது. சில ஆண்டுகளில் ஐ-லீக்கிலேயே அக்கழகம் இல்லை. அதனை ஏந்திக்கொள்ள ஓர் அறக்கட்டளையும் ஊரில் எழவில்லை. சென்னையின் எஃப்.சி.க்கும் சோதனை வந்தது. 2010இல் கையெழுத்தான பதினைந்தாண்டு வணிக உரிமை ஒப்பந்தம் முடியவிருந்த நிலையில், 2025 சூலையில் சூப்பர் லீக் பருவம் நிறுத்திவைக்கப்பட்டது. ஆகஸ்டில் சென்னையின் கழகம் தன் முதல் அணியின் பணிகளை நிறுத்திவைத்தது. அக்டோபரில் கோவாவில் நடந்த சூப்பர் கோப்பையில் அணி மீண்டும் களம் கண்டது உண்மை. ஆனால் இடைப்பட்ட மாதங்களில் ரசிகர் கையில் இருந்தது வருத்தம் ஒன்றே. பிணைத்தொகை கேட்டிருந்தால் திரட்டியிருப்பார்களோ என்னவோ. கேட்பதற்கு அவர்கள் உறுப்பினராக இல்லை.

ரெக்சமைப் பொற்காலமாக வரைவதும் நேர்மையாகாது. 2023-24 பருவத்தில் அதன் வருவாய் 2.67 கோடி பவுண்டை எட்டியது. அதில் பாதிக்கு மேல் ஐரோப்பாவிற்கு வெளியிலிருந்து வந்தது. அதே அடுக்கில் படக்கருவி எட்டிப்பார்க்காத பிற கழகங்களும் சுரங்கத்தையும் ஆலையையும் இழந்த ஊர்களின் கழகங்களே. அவற்றின் துயரம் விற்பனைக்கு வரவில்லை. அதனால் அவற்றிற்கு வருவாயும் இல்லை. ஊரின் நினைவு விலைபோகும் சரக்கானபின் அதன்மேல் ஊருக்கு எவ்வளவு உரிமை எஞ்சும் என்பதும் அஞ்சத்தக்க வினா. அறக்கட்டளை ஒருமுறை வாக்களித்துக் கழகத்தை ஒப்படைத்தது. அடுத்த விற்பனை வரும்போது அத்தகைய வாக்கெடுப்பு நடக்கும் என்பதற்கு உறுதி இல்லை. 'கழகம்' என்னும் சொல்லைத் திருவள்ளுவர் சூதாடும் இடம் என்னும் பொருளில் ஆண்டிருக்கிறார். கழகம் வாங்குவோர் சூதாடுகின்றனர் என்பது பழைய பொருளுக்கும் ஒத்ததே. பணயமாக வைக்கப்படுவது யாருடைய பொருள் என்பதைத்தான் நாம் பார்க்க வேண்டும்.

தமிழகத்திலும் நாளை ஒரு நடிகரோ வீரரோ ஒரு சிற்றூர்க் கழகத்தை வாங்க முன்வரலாம். வரவேற்போம், புரவலரின்றிக் கலையும் விளையாட்டும் தழைத்ததில்லை. ஆனால் அவர் பெயரைச் சுவரில் எழுதுமுன் கேட்டுத் தெளிய வேண்டியவை சில. அவர் வருமுன் அக்கழகத்தை நடத்தியவர்கள் யார்? மைதானப் பட்டா யார் பெயரில் இருக்கிறது? அவர் விலகும் நாளில் சாவி யார் கைக்கு வரும்? இவற்றிற்கு விடை வைத்திருக்கும் ஊருக்கு எந்தப் புரவலரும் நன்மையே செய்வார். விடையில்லாத ஊரில், இராசராசனே வந்து கொடுத்தாலும் அது பத்து வாரப் பருவமாகவே முடியும்.