டிரெய்லர் டயர், இரட்டை அச்சு
தங்கும் வசதியுடன் கார் அல்லது பிக்கப் வண்டியின் பின்னால் இழுக்கப்படும், அடுத்தடுத்த இரு அச்சுகளில் நான்கு சக்கரங்கள் கொண்ட பயண டிரெய்லருக்கான டயர். அமெரிக்காவில் 'எஸ்டி' என்ற முன்னெழுத்தால் குறிக்கப்படும். கார் டயருக்கு 'பி', இலகு லாரி டயருக்கு 'எல்டி'.

மாற்று டயரின் அளவு பழையதை ஒத்திருந்தால் மட்டும் போதாது, சுமைத்திறன் குறையக்கூடாது. எஸ்டி 225/75 ஆர்15 அளவில் 'டி' சுமை வகுப்பு 65 பிஎஸ்ஐ காற்றழுத்தத்தில் 2,540 பவுண்டும் (சுமார் 1,150 கிலோ), 'இ' வகுப்பு 80 பிஎஸ்ஐயில் 2,830 பவுண்டும் தாங்கும். உயர் வகுப்புக்கு மாறுகையில் ரிம்மும் வால்வும் அந்த அழுத்தத்துக்கு ஏற்றவையாக இருக்கவேண்டும். கூர்மையான திருப்பங்களில் இரு அச்சுகளின் டயர்களும் பக்கவாட்டில் இழுபடுவதால் விறைப்பான பக்கச்சுவர் தேவைப்படுகிறது. ஒரு டயர் வெடித்தால் அதன் சுமை அதே பக்கத்து இணை டயரில் ஏறும். வெளியே பழுது தெரியாவிட்டாலும் அதுவும் ஐயத்துக்குரியதே.

வேகக் குறியீடு இல்லாத எஸ்டி டயர்களின் வரம்பு மரபாக மணிக்கு 65 மைல். பக்கச்சுவரின் 'டாட்' குறியீட்டில் கடைசி நான்கு இலக்கங்கள் தயாரிப்பு வாரத்தையும் ஆண்டையும் தரும்: 2319 என்பது 2019இன் 23ஆவது வாரம். பெரும்பாலும் நிறுத்தியே வைக்கப்படும் வண்டிகளில் பட்டன் தேயுமுன்பே ரப்பர் முதுமையடைவதால், பட்டன் ஆழத்தைவிட இத்தேதி முக்கியமானது.