அகமதாபாத் வெப்பச் செயல்திட்டம்

கடும் கோடை வெப்பத்திலிருந்து மக்களைக் காக்க, குஜராத்தின் அகமதாபாத் மாநகராட்சி 2013இல் தொடங்கிய திட்டம். தெற்காசிய நகரங்களில் இவ்வகையில் இதுவே முதலாவது.

பின்னணி: 2010 மே மாதத்தில் நகரின் வெப்பநிலை 46.8 டிகிரி செல்சியஸைத் தொட்டது. அம்மாதத்தில் வழக்கத்தைவிட 1,344 பேர் கூடுதலாக இறந்தனர். இதையடுத்து மாநகராட்சி, காந்திநகர் இந்தியப் பொதுச் சுகாதார நிறுவனம் உள்ளிட்ட அமைப்புகளுடன் இணைந்து திட்டத்தை வகுத்தது.

செயல்முறை: வானிலை முன்னறிவிப்பின்படி மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என நிற எச்சரிக்கைகள் விடுக்கப்படுகின்றன. 45 டிகிரியும் அதற்கு மேலும் சிவப்பு. குறுஞ்செய்தி, சுவரொட்டி, சுகாதாரப் பணியாளர் வழியாக எச்சரிக்கை குடிசைப் பகுதிகளைச் சென்றடைகிறது. தண்ணீர்ப் பந்தல்கள் அமைக்கப்படுகின்றன. பூங்காக்கள் நண்பகலிலும் திறந்திருக்கும். சாரதாபென் மருத்துவமனையில் மேல்மாடியில் இருந்த பச்சிளங்குழந்தைப் பிரிவு தரைத்தளத்துக்கு மாற்றப்பட்டது.

மக்கள் பங்கேற்பு: 1994இல் சுயதொழில் செய்யும் பெண்களின் சங்கமான 'சேவா' அமைப்பிலிருந்து உருவான மகிளா வீட்டுவசதி அறக்கட்டளை, குடிசைப் பகுதிப் பெண்களைக் குழுக்களாகத் திரட்டுகிறது. தகரக் கூரையின்கீழ் பீடி சுற்றியும் துணி தைத்தும் பிழைக்கும் பெண்களுக்கு வீடே பணியிடம். பகலெல்லாம் அந்த வெக்கையில்தான் வேலை. கூரையில் வெள்ளைப் பூச்சு அடித்தால் வெயில் திருப்பியனுப்பப்பட்டு, உள்ளே சூடு சில டிகிரி தணிகிறது. 2017இல் சுமார் 3,000 ஏழை வீடுகளின் கூரைகள் இவ்வாறு பூசப்பட்டன.

தாக்கம்: திட்டம் ஆண்டுக்குச் சராசரியாக 1,190 இறப்புகளைத் தவிர்த்ததாக 2018இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. பின்னர் இந்தியாவின் பல நகரங்கள் இம்முறையைப் பின்பற்றின.