திப்புவை எதிர்த்த முக்கூட்டணி: யாருக்கு என்ன இடம் இருந்தது?

பாகலூர், ஓசூர் வட்டாரத்தை இன்று தொழிற்சாலைகள் நிறைந்த மாநில எல்லையாக அறிவோம். 1790இல் இது ஷஹீத் திப்பு சுல்தானின் மைசூர் அரசைச் சேர்ந்த மண். அவரை எதிர்க்க மூன்று அரசுகள் ஒரு ராணுவக் கூட்டணி அமைத்தன. அதில் ஒவ்வோர் அரசுக்கும் எப்படிப் பிரதிநிதித்துவம் கிடைத்தது, அதன் மதிப்பு என்ன என்பதைப் பார்ப்போம்.

ஒப்பந்தம்

கிழக்கிந்தியக் கம்பெனி 1790 ஜூன் 1இல் மராத்தியருடனும், ஜூலை 4இல் ஹைதராபாத் நிஜாமுடனும் உடன்படிக்கை செய்தது. பிடிக்கும் நிலத்தைச் சமமாகப் பங்கிட வேண்டும்; யாரும் திப்புவுடன் தனியாகச் சமாதானம் பேசக் கூடாது என்பவை முக்கிய நிபந்தனைகள்.

பிரதிநிதிகள்

புனே அரசவையில் மாலெட், ஹைதராபாத்தில் கென்னவே ஆகியோர் கம்பெனியின் ரெசிடென்டுகளாக இருந்தனர். போர்முனையில் மராத்தியர் சார்பில் ஹரி பந்த், நிஜாம் சார்பில் அவருடைய மகன் சிக்கந்தர் ஜாவும் அமைச்சர் அஸீமுல் உமராவும் இருந்தனர். 1792இல் திப்புவின் வக்கீல்கள் குலாம் அலி கான், அலி ரஸா கான் ஆகியோருடன் பேச மூன்று தரப்பும் ஆள் அனுப்பின. கம்பெனிக்காகக் கென்னவேயும், நிஜாமுக்காக மீர் ஆலமும் பேசினர்.

பங்கு

ஏட்டில் மூவரும் சமம். ஆனால் போரை முன்னின்று நடத்தியவர் கம்பெனியின் கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸ். 1791 ஜூலையில் ஓசூர் கோட்டையைப் பிடித்ததும் கம்பெனிப் படையே. 1792 மார்ச்சில் ஏற்பட்ட உடன்படிக்கையில் திப்பு ஏறக்குறைய பாதி நாட்டை இழந்தார். 3 கோடியே 30 லட்சம் ரூபாய் தர ஒப்புக்கொண்டு, இரு மகன்களைப் பிணையாக அனுப்பினார். கிருஷ்ணகிரி அடங்கிய பாராமகால் கம்பெனிக்குப் போனது. ஓசூர்ப் பகுதி 1799 வரை திப்புவிடமே இருந்தது.

நிஜாமுக்கு என்ன மிஞ்சியது? 1798இல் கம்பெனிப் படையைத் தம் செலவில் வைத்துக்கொள்ள அவர் சம்மதித்தார். 1792இலும் 1799இலும் கிடைத்த மைசூர் நிலங்களை, அந்தப் படைச் செலவுக்காக 1800இல் கம்பெனிக்கே விட்டுக்கொடுத்தார். சமப் பங்கு என்று எழுதிய பத்து ஆண்டுகளில் அவர் பங்கு கைமாறிவிட்டது.

இன்றைய நிலை

1949இல் உருவான நேட்டோவில் இன்று 32 நாடுகள் உள்ளன. பிரஸ்ஸல்ஸில் உள்ள அதன் மன்றத்தில் ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு நிரந்தரப் பிரதிநிதி உண்டு. அங்கே வாக்கெடுப்பு கிடையாது. எல்லோரும் இசைந்தால்தான் முடிவு. 1952இல் சேர்ந்த துருக்கி, ஸ்வீடனின் சேர்க்கைக்கு 2024 ஜனவரியில்தான் ஒப்புதல் தந்தது. அதுவரை ஸ்வீடன் காத்திருக்க நேர்ந்தது. ஆனாலும், ஐரோப்பாவில் நேட்டோ படைகளின் தலைமைத் தளபதியாக எப்போதும் அமெரிக்கரே இருந்துவருகிறார்.

எனவே ஒரு கூட்டணியில் யாருக்கு இருக்கை உண்டு என்பதோடு, படை யார் கையில், செலவு யார் தலையில் என்பதையும் பார்க்க வேண்டும். திப்புவின் வரலாற்றைப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது, நிஜாம் எந்தப் பக்கம் நின்றார், கடைசியில் எதை இழந்தார் என்பதையும் சேர்த்தே சொல்வோம்.