அவ்வா வளர்த்த வாத்தும் கண்மாய்த் தண்ணியும்

பொட்டி தட்டுறவனுக்கு வாத்து முட்டை வரலாறு எதுக்குன்னு கேக்காதீங்க மக்கா. 2005 வாக்குல எம்.ரெட்டியபட்டியில எங்க அவ்வா நாலு வாத்து வளர்த்தாங்க. அதுவும் அருப்புக்கோட்டை, திருச்சுழி வானம் பார்த்த பூமியில!

தஞ்சாவூர் மாதிரி ஆத்துப் பாசனம் இங்க இல்லை. மழைத் தண்ணியைக் கண்மாயில தேக்கி விவசாயம் பண்றது பாண்டியர் காலத்துப் பழக்கம். ஐப்பசி, கார்த்திகையில கண்மாய் பெருகினாத்தான் நெல்லு. வாத்துக்கும் அப்பத்தான் நத்தை, புழு, சிந்தின நெல்லு எல்லாம். தண்ணி வத்தினா முட்டையும் குறைஞ்சிடும்.

வீட்டு வாத்துங்க பெரும்பாலும் ஒழுங்கா அடைகாக்காது. அதனால முட்டையைக் கோழிக்கு அடியில வச்சிருவாங்க. கோழி முட்டைக்கு 21 நாள், வாத்து முட்டைக்கு 28. பாவம் கோழி, ஒரு வாரம் ஓவர்டைம் :) அப்புறம் குஞ்சுங்க தண்ணியில இறங்கினதும் கரையில நின்னு அது பதறுறதைப் பாக்கணுமே!

வாத்து முட்டையில மஞ்சக்கரு பெருசு, கொஞ்சம் கவுச்சி. அவ்வா சின்ன வெங்காயம், மிளகு தூக்கலாப் போட்டு, கொதிக்கிற குழம்புல உடைச்சு ஊத்துவாங்க. அரைவேக்காடு கூடவே கூடாது. அது சரிதான், சால்மொனெல்லா கிருமி பயம் இருக்கே.

தாது வருசப் பஞ்சம் நடந்த 1877-ல இந்தியாவுக்குள்ள வந்தது சீமைக் கருவேலம். வறட்சியைத் தாங்குற அந்த மரம், பின்னாடி எங்க கண்மாய்க்குள்ளயும் பூந்துருச்சு. வரத்துக்காலும் தூர்ந்து போச்சு. அவ்வா வாத்தை வித்துட்டு, கோழியோட நிறுத்திக்கிட்டாங்க.

கோழி முட்டை எந்தக் கடையிலயும் கிடைக்குது. அந்தக் குழம்பு திரும்ப வேணும்னா முதல்ல கண்மாய் பெருகணும். உங்க ஊர்ல இன்னும் யாராச்சும் வாத்து வளக்குறாங்களா?